மிக்ஸியில் அரைத்த ஒயின்

1

சொந்த ஊரில் இருப்பவர்களுக்கு நான் வெளிநாட்டுக்காரன். எத்தனை முறை மறுத்தாலும் நம்புவதில்லை. சாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் என்னிடம், அந்தமானில் நம் ரூபாய் செல்லுமா என்று கேட்டார். செல்லும் என்றேன். "அப்படியா, பரவாயில்லையே" என்று அந்தமானுக்காகச் சந்தோஷப்பட்டுவிட்டு ரசத்துக்குக் குழி செய்துகொண்டார்.

முழுக்க அவர்களையும் குறை சொல்ல முடியாது. இங்கே இருக்கிற நாங்களே தமிழ்நாட்டை 'மெயின்லேண்ட்' என்றுதான் சொல்கிறோம். "அடுத்த மாசம் மெயின்லேண்ட் போறேன்" என்று சொல்லும்போது எல்லோர் முகத்திலும் விசா கிடைத்த களை வந்துவிடுகிறது.

நான் இங்கே ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். கிழக்கு மேசையிலிருந்து வரும் கோப்பை மேற்கு மேசைக்கு அனுப்புவதும், மேற்கிலிருந்து வருவதைக் கிழக்குக்கே திருப்புவதும் என் பணி. வேலை கிடைத்து வந்தவன், திரும்பிப் போக நினைத்தபோதெல்லாம் கப்பல் டிக்கெட் கிடைக்காததால் தங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு போர்ட் பிளேரில், பத்துபஸ்தி என்ற பகுதியில். விமான நிலையத்துக்கு அவ்வளவு பக்கம் என்பதால், தலைக்கு மேலே விமானம் போகும்போது யாரும் பேச முடியாது. எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி அப்படித்தான் நின்றுபோயிருக்கின்றன.

இந்த மே மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்தது. அதைக் கொண்டாடப் போய் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

2

மகள் யாழினி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வெயில் காலத்துக்கு லீவு போட்டு வந்திருந்தாள். அவளுக்கு இப்படி ஒரு பெயர் வைத்தவன் நான்தான். அதன் பலனாக அவள் தன் பெயரை எல்லா இடத்திலும் 'யாஷ்' என்று சொல்லி வருகிறாள். தீவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுக்குள், இந்தி தெருவில், இங்கிலீஷ் ஸ்கூலில். மூன்றும் வாசற்படியில் முட்டிக்கொள்ளும். "அம்மா, ஃபாலத்துவா பரேஷான் ஆகாதீங்க" என்பாள். வீணாகக் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். இதற்குக் கவலைப்படலாமா கூடாதா என்று அவள் அம்மாவுக்குத் தெரியாது.

கேக் வேண்டாம், அது பழைய வழக்கம் என்றாள் யாழினி. பழத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் கல்லாக்கி, ஒயின் ஊற்றி, மிக்ஸியில் பனிக்கூழ் மாதிரி அரைத்துக் கண்ணாடித் தம்ளரில் குடிப்பதுதான் இப்போது வெயிலுக்குச் செய்வதாம். செல்போனில் படம் காட்டினாள். ரோஜா நிறத்தில், மேலே ஒரு புதினா இலையோடு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

என் மனைவி செல்விக்கு ஒயின் என்ற சொல்லே ஆகாது. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பிராந்தி விற்கிற கடைக்குப் பெயர் 'ஒயின்ஷாப்'. அந்தக் கடையில் கிடைக்காத ஒரே சரக்கு ஒயின். ஆகவே அவளைப் பொறுத்தவரை பச்சைத் துணி கட்டி மறைத்திருக்கும் எல்லாமே ஒயின். யாழினி பொறுமையாக விளக்கினாள். அது வெறும் திராட்சைச் சாறுதான், கொஞ்சம் பழசானது, அவ்வளவே என்றாள்.

"பழசாப் போச்சுன்னா கீழ ஊத்த வேண்டியதுதான?" என்றாள் செல்வி. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செல்வி ஞாயிறுதோறும் தன் அண்ணன் சங்கரபாண்டிக்குப் போன் செய்வாள். எனக்கு மச்சான். சாத்தூரில் சிமெண்ட் ஏஜென்சி வைத்திருக்கிறார். தங்கையைக் கடல் தாண்டிக் கொடுத்தது தன் அப்பா செய்த பிழை என்பது அவர் கருத்து. அந்தப் பிழையை வந்து பார்க்க இத்தனை வருடங்களில் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. செல்வி பிள்ளை பெற்றபோது நாங்கள் ஹட் பேயில் இருந்தோம். போர்ட் பிளேரிலிருந்து இன்னொரு கப்பல் ஏற வேண்டும். கடல் கொந்தளிப்பு என்று கப்பல் வரவில்லை. கப்பல் வந்த பிறகும் அண்ணன் வரவில்லை. பத்தியம் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, எல்லாம் செய்தது பக்கத்து வீட்டு அம்மா. சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், எங்களுக்கு எந்த உறவும் இல்லை. ஆனாலும் செல்விக்கு அண்ணன் என்றால் அண்ணன்தான். அப்பா அம்மா போன பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு போன் நம்பர்.

அன்று அண்ணன் போனில், தானும் மனைவி ராஜாத்தியும் வெள்ளிவிழாவுக்கு நேரிலேயே வருவதாகச் சொன்னார். வந்து ஒரு நல்ல காரியம் பேச வேண்டும் என்றார். நல்ல காரியத்தின் பெயர் கார்த்திக். அவருடைய மகன், யாழினிக்கு முறைப் பையன். தினமும் காலையில் பூப்படம் போட்ட வணக்கம் ஒன்றை அவளுக்கு அனுப்புவான். அவள் அதைத் திறப்பதே இல்லை.

யாழினி உடனே சொல்லிவிட்டாள், தனக்கு இஷ்டமில்லை, மாமாவிடம் நேராகப் பேசிவிடப் போகிறேன் என்று. செல்வி அவளைத் தடுத்தாள்.

"நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிறேன்."

தகப்பன் என்ற முறையில் எனக்கும் ஒரு யோசனை இருந்தது. சிக்கலான கோப்பு வந்தால் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி மேலே அனுப்பிவிட்டு லீவில் போவது. வீட்டில் மேலே அனுப்ப ஆளில்லை. எனவே பேசாமல் இருந்தேன்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த செல்வி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்தப் பழம் போட்டு அரைக்கிறதுன்னாளே, அதையே செய்யட்டும். அண்ணன் வர்ற அன்னிக்கே செய்யட்டும்."

யாழினி துள்ளிக் குதித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

3

ஒயின் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நம் ஆட்களுக்குத் தெரிந்த கடைதான். வரிசையில் எனக்கு முன்னால் என் அலுவலக நண்பர்கள் இருவர், பின்னால் முருகன் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர். வணக்கம் பரிமாறிக்கொண்டோம். அங்கே யாரும் யாரையும் பார்த்து வெட்கப்படுவதில்லை.

என் முறை வந்ததும் ஒயின் கேட்டேன். கடைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று இந்தியில் விசாரித்தார். இல்லை என்றேன். அப்படியானால் கேக்குக்கா, கிறிஸ்துமஸ் வர இன்னும் நாள் இருக்கிறதே என்றார். ரம் நன்றாக வந்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளும்படி என் நன்மைக்காக எடுத்துச் சொன்னார். நான் பிடிவாதமாக நின்றதும் உள்ளே போய், அலமாரியின் பின்புறத்திலிருந்து தூசி படிந்த ஒரு சிவப்புப் பாட்டிலைக் கொண்டுவந்து, துடைத்து, தாளில் சுற்றித் தந்தார்.

கமிட்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். ரம் வாங்கியிருந்தால் என் தோளில் தட்டியிருப்பார். ஒயின் என்றதும் அவர் பார்வையில் என்மேல் ஒரு இரக்கம் வந்தது.

அடுத்தது பழம். யாழினியின் செய்முறையில் ஸ்ட்ராபெரி என்று இருந்தது. பஜாரில் ஸ்ட்ராபெரி கேட்டதற்கு, ஸ்ட்ராபெரி மணம் போட்ட பிஸ்கட் எடுத்துக் காட்டினார்கள். நல்லவேளையாக, புரோத்ராபூரில் தோட்டம் வைத்திருக்கும் என் அலுவலகத்து மண்டல் பாபு அன்னாசியும் மாம்பழமும் ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு நான் பாயசம் என்று சொன்னேன். அன்னாசியில் தமிழர்கள் பாயசம் செய்வார்கள் என்று அவர் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

4

பழங்களைத் தோல் சீவி, துண்டு போட்டு, தட்டுகளில் பரப்பி ஃப்ரீசருக்குள் வைத்தோம். கருவாடு, இட்லி மாவு, ஐஸ் கட்டி எல்லாம் வெளியேற்றப்பட்டன. அண்ணன் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போனது.

சாதாரணமாக நாங்கள் கரண்டுக்காகப் புகார் செய்வதில்லை. போகும், வரும். அன்று யாழினி நின்ற நிலையைப் பார்த்துவிட்டுப் புகார் எண்ணுக்குப் போன் போட்டேன். இந்தியில்தான் பேச வேண்டும். இத்தனை வருடம் இந்தி பேசியே சம்பளம் வாங்குகிறவன் என்ற நம்பிக்கையில் ஆரம்பித்தேன்.

இந்தியில் பழத்துக்கு 'ஃபல்' என்பார்கள். நம் நாக்குக்கு அது 'பல்' என்றுதான் வரும். 'பல்' என்றால் இந்தியில் கணம், நொடி என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாமலில்லை. அவசரத்தில் மறந்துவிட்டது. ஃப்ரீசரில் இருக்கும் என் பழங்கள் எல்லாம் உருகிக்கொண்டிருக்கின்றன என்று நான் சொன்னது, எதிர்முனையில் இருந்தவர் காதில் இப்படி விழுந்திருக்கிறது: ஐயா, என் கணங்கள் எல்லாம் உருகிக்கொண்டிருக்கின்றன.

பிறகு அவர், "வாஹ்" என்றார். மேலே சொல்லுங்கள் என்றார். நான், நேற்று முழுக்க உறையவைத்த கணங்கள், இன்னும் ஒரு மணி நேரம் போனால் தண்ணீராகிவிடும் என்று சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். யாழினி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, தெளிவான இந்தியில் ஃப்ரிட்ஜ், மின்வெட்டு, பத்துபஸ்தி என்று மூன்று சொற்களில் முடித்தாள். கரண்ட் சீக்கிரமே வந்துவிட்டது. புகார் எழுதிக்கொண்டவர் மட்டும், ஐயா வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டாராம்.

அன்றே அண்ணனிடமிருந்தும் ஒரு போன். அரசு ஊழியன் என்பதால் நான் அவருக்கு அனுப்பிய முகவரியில் போர்ட் பிளேருக்கு இப்போது வைத்திருக்கும் புதுப் பெயரை எழுதியிருந்தேன். ஊரின் பெயர் மாறியது காகிதத்துக்கு மட்டும்தான் தெரியும், வாய்க்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அண்ணன் பதறிப்போயிருந்தார். தங்கச்சியை இன்னும் தூரமாக எங்கே கொண்டுபோனீர்கள் என்று என்னைக் கேட்டார்.

5

வந்து இறங்கிய அண்ணனுக்கு முதலில் ஏமாற்றம். எல்லாப் பக்கமும் கடலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கடைத்தெருவும் ஆட்டோவும் இட்லிக் கடையும் இருந்தன. இதற்கா இவ்வளவு பணம் கொடுத்துப் பறந்துவந்தோம் என்ற மாதிரி ராஜாத்தியைப் பார்த்தார். இரண்டு பைகளில் அரிசியும் காராச்சேவும் கொண்டுவந்திருந்தார். இங்கே அரிசி கிடைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை.

காலையில் கோயில், மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வியர்வை வழிந்தது. அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். கார்த்திக் பெயரில் புது கோடவுன் கட்டுவதைப் பற்றி ஆரம்பித்தார். யாழினி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஒரு நிமிசம்ணே" என்று செல்வி எழுந்து யாழினியையும் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மிக்ஸி கல்லை அரைப்பது போல் அலறியது. எரிந்த வாசனை கூட வந்தது. பிறகு தட்டில் கண்ணாடித் தம்ளர்கள் வந்தன. செல்போனில் பார்த்த ரோஜா நிறம் இல்லை. மாம்பழ மஞ்சளும் ஒயின் சிவப்பும் சேர்ந்து செங்கல் பொடியைக் கரைத்தது போல் இருந்தது. புதினா கிடைக்காததால் மேலே துளசி இலை.

அண்ணன் ஜூஸா என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்.

"ஒயின்ணே. பழம் போட்டு அரைச்சது" என்றாள் செல்வி.

நீட்டிய கை அப்படியே நின்றது. செல்வி தனக்கு ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் முன்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு வாய் குடித்தாள். அவள் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு விரிந்தது. இன்னொரு வாய் குடித்தாள்.

"நீ குடிப்பியா?" என்றார் அண்ணன்.

"எப்பவாவதுதாண்ணே. யாழினியும் சேந்துக்குவா. இங்க இதெல்லாம் பழக்கமாயிருச்சு."

முழுப் பொய். அதுவரை அவள் உதட்டில் இருமல் மருந்தைத் தவிர வேறெதுவும் பட்டதில்லை. யாழினி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அண்ணன் ஏதோ சொல்ல எழுந்தார். அந்த நேரம் பார்த்து அன்றைய கடைசி விமானம் தலைக்கு மேலே கிளம்பியது. ஜன்னல் அதிர்ந்தது. கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அது போய் முடியும்வரை அவர் நின்றபடியே காத்திருந்தார். அதற்குள் பாதிக் கோபம் விமானத்தோடு போய்விட்டது. மிச்சமிருந்தது வருத்தம்தான்.

"பொம்பளைக குடிக்கிற வீட்ல நான் பொண்ணெடுக்க முடியாது, செல்வி. ஊரு சிரிக்கும். தப்பா எடுத்துக்காத."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க இஷ்டம்ணே. நான் என்ன சொல்ல முடியும்" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலைமை எழுத்தருக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

அவர்கள் படுக்கப் போனதும் செல்வி அடுப்படியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். யாழினியும் வந்துவிட்டாள். அழுதுகொண்டே இந்தியும் தமிழுமாகப் பேசினாள். இது சரியில்லை, மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவின் பெயர் எதற்குக் கெட வேண்டும் என்றாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் செல்வி. "நான் பொண்ணு தர மாட்டேன்னு சொன்னா, அண்ணன் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாரு, போனையும் எடுக்க மாட்டாரு. அவரு வேணாம்னு சொன்னா, என்னையப் பாத்துப் பரிதாபப்படுவாரு. பரிதாபப்பட்டா வருவாருல்ல."

தலை சுற்றுகிறதா என்று கேட்டேன்.

"சுத்தல. நல்லாருக்கு. அதான் பயமாருக்கு" என்றாள்.

6

அண்ணன் இன்னும் இரண்டு நாள் இருந்தார். கணக்காகப் பரிதாபப்பட்டார். செல்லுலார் ஜெயிலைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கண் கலங்கினார். அதே கலங்கிய கண்ணோடு வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்ற தங்கையைப் பார்த்தார். இரண்டு துயரமும் அவருக்கு ஒன்றாகிவிட்டது போலிருந்தது. என்னைத் தனியே அழைத்து, "மாப்ள, நீங்கதான் கொஞ்சம் கண்டிக்கணும்" என்றார். கண்டிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கடைசியில், செல்வி குடியை விட வேண்டும் என்று ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து அடுப்படி அலமாரியில் வைத்தார். செல்வி பயபக்தியோடு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நல்லவேளை, அம்மன் மெயின்லேண்டில் இருக்கிறாள். இங்கே நடப்பது அவ்வளவாகத் தெரியாது.

ராஜாத்தி மட்டும் இதைப் பற்றி எதுவுமே பேசவில்லை. மறுநாள் விடிகாலையில் நான் தண்ணீர் குடிக்கப் போனபோது, அவர் ஃப்ரீசரைத் திறந்துவைத்து, மிச்சமிருந்த செங்கல் நிறக் கூழைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறவில்லை. "சீனி கொஞ்சம் கம்மிண்ணே" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவி வைத்தார்.

கிளம்புகிற அன்று நாங்களும் விமான நிலையம் வரை போனோம். யாழினி மாமா காலில் விழுந்தாள். அவர் அவள் தலையில் கைவைத்து, புத்தியாக இரு, அம்மாவைப் பார்த்துக்கொள் என்றார். யாழினி சரி என்றாள். சுத்தமான தமிழில் சொன்னாள்.

பிறகு அண்ணன் செல்வியைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். நானும் காதைக் கொடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ கவலப்படாத. நீ குடிச்சத ஊர்ல யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்."

அவர் சொல்வார் என்று, அவரையும் சேர்த்து, எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மதுரையில் இறங்கி வீடு போய்ச் சேருவதற்குள் சாத்தூர் முழுக்கத் தெரிந்துவிடும். தங்கமான பெண் என்று அங்கே அவளுக்கு இருந்த பெயர் அத்தோடு போய்விடும். செல்வி அண்ணனை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"சொல்லுங்கண்ணே" என்றாள். "நல்லா இருந்துச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க."

அண்ணன் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை. "ஏய், போடி" என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

வீடு பக்கம்தான் என்பதால் நடந்தே வந்தோம். யாழினி முன்னால் போய்விட்டாள். சின்ன வயதில் அண்ணன் தன்னை அப்படித்தான் தட்டுவார், கல்யாணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தட்டினார் என்று செல்வி சொன்னாள்.